சிற்றுருவ இருப்புப்பாதை: மரபுகளும் அளவைகளும்

பரமத்தி வேலூருக்கும் ரயிலுக்கும் நடுவே எந்நாளும் காவிரி ஓடிக்கொண்டிருக்கிறது. தென்கரையில் புகழூர் வழியாக ஈரோட்டுக்கும் திருச்சிக்கும் வண்டிகள் போய்வந்துகொண்டிருக்க, வடகரையிலுள்ள நம்மவர்கள் ஆற்றைக் கடந்துதான் அவற்றை அணுக வேண்டியிருந்தது. சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாகக் கரூர் செல்லும் பாதை 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பின்னரே வடகரைக்காரருக்கென்று ரயிலோடு ஒரு சொந்தம் ஏற்பட்டது. அந்தத் தென்கரைப் பாதைக்கும் ஒரு விசித்திர சரித்திரம் உண்டு. 1860களில் அகலப்பாதையாகப் போடப்பட்டு, பின்னர் மீட்டர் பாதையாகக் குறுக்கப்பட்டு, 1920களின் இறுதியில் மறுபடியும் அகலப்பாதையாக விரிக்கப்பட்ட பாதை அது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்னும் கேள்வி எத்தனை மனிதர்களின் பிரயாசையையும் பணத்தையும் விழுங்க வல்லது என்பதற்குச் சாட்சி நம் வாசலிலேயே இருக்கும்போது, அதே கேள்வியை உயிர்நாடியாகக் கொண்ட ஒரு விநோதக் கலையைப் பற்றி இம்மலரில் எழுதுவது இடம் தப்பிய காரியம் ஆகாது.

ரயிலைச் சிற்றுருவில் சமைத்து, மேசைமேல் தண்டவாளம் பரப்பி, நிலையமும் வயலும் பாலமும் அமைத்து ஓடவிட்டு ரசிப்பதே அக்கலை. உத்தியோக நிமித்தம் கடல் கடந்து சென்று, பர்மிங்காமிலோ மியூனிக்கிலோ நியூஜெர்சியிலோ முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து, நீண்ட குளிர்கால இரவுகளில் இந்தப் பழக்கத்தைப் பற்றிக்கொண்டு, முதுமையில் அட்டைப் பெட்டிகளில் பொதிந்த எஞ்சின்களோடு ஊர் திரும்பும் நம்மவர் ஒருவருக்கு, இங்கே வந்த மறுமாதமே ஒரு சங்கடம் எழுகிறது. தாம் கொண்டுவந்தது எந்த மரபைச் சேர்ந்தது, எந்த அளவைக்கு உட்பட்டது, இந்த மண்ணின் ரயிலை அதில் எவ்வாறு காட்டுவது என்பதே அச்சங்கடம். அதற்கு விடை காண, மரபுகளை ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிடுவது நலம்.

எல்லா மரபுகளுக்கும் மூலம் ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரத்து மார்க்லின் நிறுவனம். 1891இல் லைப்சிக் சந்தையில் அவர்கள் சாவி கொடுத்து ஓடும் ரயிலைத் தண்டவாளத்தோடு சேர்த்துக் காட்டி, அகலங்களுக்கு எண்களிட்டு, இன்று வாங்கிய பெட்டி நாளை வாங்கும் பாதையிலும் ஓடும் என்ற உறுதியைத் தந்தார்கள். அதற்கு முன்னும் பொம்மை ரயில்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தன்னந்தனியாக இருந்தது. முதலாம் எண் 45 மில்லிமீட்டர். அதனினும் சிறியதற்குப் பூஜ்யம் என்று பெயரிட்டார்கள், அது 32 மில்லிமீட்டர். பூஜ்யத்தைப் பாதியாக்கியபோது பிறந்தது, இன்று உலகெங்கும் செல்வாக்குப் பெற்றிருக்கும் 16.5 மில்லிமீட்டர் அகலம். 1:87 என்னும் விகிதத்தில் ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதை இந்த அகலத்தில் மிகச் சரியாக வந்து அமர்கிறது. இதுவே எச்.ஓ. எனப்படுவது.

ஜெர்மானிய மரபு ஒழுங்கின் மரபு. மார்க்லினார் நடுவில் மூன்றாவதாக ஒரு மின்தொடர்பை வைத்து மாறுமின்சாரத்தில் வண்டியை ஓட்டினார்கள். பிற்காலத்தில் அந்தத் தொடர்பு குறுக்குக்கட்டைகளில் சிறு குமிழ்களாக மறைக்கப்பட்டது. பார்வைக்குச் சற்றுக் குறைதான் எனினும், பாதை வளைந்து தன்மேலேயே திரும்பி வந்தாலும் மின்முனைகள் முட்டிக்கொள்ளாத சௌகரியம் அதில் உண்டு. ஐரோப்பிய நாடுகளின் சங்கங்கள் 1954இல் மோரோப் என்ற கூட்டமைப்பில் இணைந்து, நெம் எனப்படும் பிரமாணங்களை வகுத்தன. சக்கர விளிம்பின் உயரம் முதல் கொக்கி செருகும் குழியின் அளவு வரை அவற்றில் சொல்லாதது இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் ஒரு பலகையளவு நிலப்பரப்பைச் செய்து, ஒரு மண்டபத்தில் கூடி முனையோடு முனை பூட்டி, நெடும்பாதையாக்கி ஓட்டும் வழக்கமும் இந்த ஒழுங்கில் வேரூன்றியது.

ஆங்கில மரபோ ஒரு பிழையின்மேல் எழுந்த மாளிகை. இங்கிலாந்தின் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட உருவில் சிறியவை. அக்காலத்து மோட்டார்கள் 1:87 அளவிலான ஆங்கில எஞ்சினின் வயிற்றுக்குள் அடங்கவில்லை. ஆகவே உடலை மட்டும் 1:76 ஆகப் பெருக்கிக்கொண்டு, பாதையை 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். இதுவே ஓ.ஓ. லிவர்பூலின் ஃபிராங்க் ஹார்ன்பி தோற்றுவித்த நிறுவனம் 1938இல் ஹார்ன்பி டப்ளோ என்ற பெயரில் இதை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. கணக்குப் பார்த்தால் அதன் தண்டவாளங்கள் உண்மையைவிட ஏறத்தாழ 178 மில்லிமீட்டர் குறுகிய பாதையைக் காட்டுகின்றன. இதைப் பொறாதவர்கள் 18.2 மில்லிமீட்டரில் இ.எம். என்றும், அதிலும் திருப்தியுறாதவர்கள் 18.83 மில்லிமீட்டரில் பி.நான்கு என்றும் தனித்தனி மடங்களை நிறுவினார்கள். அம்மடங்களில் சக்கரங்களைப் பெரும்பாலும் தாமே பொருத்திக்கொள்ள வேண்டும்; ஆகையால் அங்கே பக்தர்கள் குறைவு, பக்தி அதிகம்.

ஆங்கில மரபின் உச்சம் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் லாங் விட்டன்ஹாம் கிராமத்திலுள்ள பெண்டன் காட்சியகம். அதை உண்டாக்கிய ராய் இங்கிலாண்ட் பிறப்பால் ஆஸ்திரேலியர். அந்நிய நாட்டுக்கு வந்த அவர், உள்ளூரார் கண்டும் காணாதிருந்த ஒரு பள்ளத்தாக்கின் கூரைவீடுகளும் வேலிகளும் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டு, அட்டையை வெட்டி நீர்வண்ணம் தீட்டி, 1930களின் கிராமத்தை வீடு வீடாகப் படி எடுத்துவைத்தார். வேற்றூரான் கண்ணுக்கு உள்ளூரின் அருமை தெரியும் என்பதற்கு அவரைவிட வேறு உதாரணம் வேண்டாம். நெடுங்காலம் வெளியே இருந்து திரும்பியவருக்கும் அந்தக் கண் ஓரளவு வாய்த்திருக்கும்.

அமெரிக்கர்கள் தோற்றத்தைக் காட்டிலும் தொழிலை நேசித்தார்கள். 1935இல் மில்வாக்கியில் கூடிய அவர்களுடைய தேசிய சங்கம், பல நிறுவனங்களின் சரக்குகள் ஒரே பாதையில் ஓட வேண்டும் என்பதையே முதல் நோக்கமாகக் கொண்டு பிரமாணங்களை எழுதியது. பின்னாளில், 1990களில், ஒரே பாதையில் பல எஞ்சின்களைத் தனித்தனியே ஆளும் எண்முறைக் கட்டுப்பாட்டை, லென்ஸ் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் முறையைத் தழுவிப் பொதுவிதியாக்கியதும் அச்சங்கமே. கலிபோர்னியாவின் மாண்டரேயில் ஜான் ஆலன் தம் வீட்டில் எழுப்பிய மலைநாட்டுப் பாதையில் நண்பர்கள் கூடி, கால அட்டவணைப்படி, எந்தச் சரக்குப் பெட்டி எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறது என்ற சீட்டோடு வண்டி ஓட்டினார்கள். 1973 ஜனவரியில் அவர் காலமான சில நாட்களிலேயே அந்த அமைப்பு தீக்கிரையாயிற்று. அவர் கற்பித்த முறை மட்டும் இன்றளவும் நிற்கிறது.

ஜப்பானியருக்கு வீடு சிறியது. எனவே அவர்கள் 9 மில்லிமீட்டர் அகலமுள்ள ‘என்’ (N) அளவையைத் தழுவினார்கள். அவர்கள் நாட்டுச் சாதாரணப் பாதை 1067 மில்லிமீட்டர். 1:150 விகிதத்தில் அது ஏழு மில்லிமீட்டராக வேண்டும். ஆயினும் ஒன்பதிலேயே ஓட்டி, அந்த அதிக அகலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று சம்மதித்துக்கொண்டார்கள். வீட்டில் பாதை போட இடமில்லாதவர் தம் ரயிலைப் பெட்டியில் எடுத்துப்போய், மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பெரிய அமைப்பில் ஓட்டித் திரும்பலாம்.

இவ்வளவையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மெய்யான ரயிலை அச்சாக நகலெடுப்பதற்காக அளவைகள் பிறக்கவில்லை. ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் போட்ட பாதையில் தடம் புரளாமல் ஓடுவதற்காகவே பிறந்தன. எச்.ஓ. சக்கரச் சோடி ஒன்றைக் கையில் எடுத்து, இரு சக்கரங்களின் உட்பக்கத்துக்கும் இடையேயுள்ள இடைவெளியைக் காலிப்பரால் அளந்தால் ஏறத்தாழ 14.4 மில்லிமீட்டர் இருக்கும். அது அரை மில்லிமீட்டர் குறைந்தால், நேர்ப்பாதையில் எவ்விதக் குறையும் தெரியாது. பாயிண்டின் கிராசிங்கில் நுழைந்ததும் காவல் தண்டவாளம் சக்கரத்தை இடித்து மேலே தூக்கிவிடும். அந்த அரை மில்லிமீட்டரில் அடங்கியிருப்பது முன்பின் அறியாத இருவருக்கிடையிலான உடன்படிக்கை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம்மிடம் இக்கலைக்குப் பூர்வீகம் இல்லை என்று சொல்வது சரியன்று. நவராத்திரிக் கொலுவின் அடிப்படிக்கு முன்னால் குழந்தைகள் பார்க் கட்டுவதை நினைத்துப்பாருங்கள். மணல் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தெளித்து முளைக்கவிட்டு வயலாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, அதைச் சுற்றித் தகர ரயிலை ஓடவிடும் அந்த மரபில் விகிதம் என்பது அறவே கிடையாது. மளிகை பரப்பி அமர்ந்திருக்கும் செட்டியார் பொம்மையின் தொந்திக்குக் கீழே எஞ்சின் அடங்கிப்போகும். ஆனால் வீட்டுக்குள்ளேயே உயிருள்ள பயிரைக் காட்சியில் வளர்க்கும் துணிவு மேலை மரபுகளில் அரிது. விகிதத்துக்குக் கட்டுப்பட்ட முயற்சிகளில் முன்னிற்பது புனேயில் ஜோஷி குடும்பத்தார் நிறுவி 1998இல் திறந்த சிற்றுருவ ரயில் காட்சியகம். பெரிய வண்டிகளை நேரில் அளந்து குறித்துக்கொள்ள விரும்புவோருக்குச் சென்னையில் ஐ.சி.எஃப். எனப்படும் ரயில்பெட்டித் தொழிற்சாலையை ஒட்டியுள்ள ரயில் அருங்காட்சியகம் உதவும்.

நம் ரயிலைச் செய்யப் புகுவோருக்கு முதல் தடை அகலம். நமது அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 1:87இல் அது 19.3 ஆகிறது, 1:76இல் 22 ஆகிறது. இரண்டுக்கும் கடையில் தண்டவாளம் கிடையாது. இரண்டாவது தடை நீளம். ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று 1:87இல் தாங்கிகள் உட்பட ஏறக்குறைய 25.6 சென்டிமீட்டர், இருபத்துநான்கு பெட்டிகள் கொண்ட விரைவுவண்டி, எஞ்சினைச் சேர்க்காமலே, ஆறு மீட்டரைத் தாண்டிவிடும். வேலூரில் எந்த வீட்டுக் கூடத்திலும் அதைத் திருப்ப முடியாது. ஆறேழு பெட்டிகளோடு நிறுத்திக்கொண்டு, பார்ப்பவர் மனத்தை மீதியை நிரப்பச் செய்வதே வழி. மறைந்துபோன மீட்டர் பாதை மட்டும் விதிவிலக்காக நமக்கு அநுகூலம் செய்கிறது. 1:87இல் அதற்கு 11.5 மில்லிமீட்டர்; கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் பாதை அதற்குப் போதும். 1968இல் நியூரம்பர்க்கின் லேமன் நிறுவனத்தார் தோட்டங்களுக்கென்று தொடங்கிய 45 மில்லிமீட்டர் எல்.ஜி.பி. மரபின் 1:22.5 விகிதம் மீட்டர் பாதைக்கென்றே வகுக்கப்பட்டது. உதகை ரயிலைச் செய்ய விரும்புவோர்க்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

வயதானவருக்கு அளவையைத் தீர்மானிப்பவை கண்ணும் விரலும் ஆகும். அறுபதுக்கு மேல் ‘என்’ அளவை வண்டியைத் தண்டவாளத்தில் ஏற்றுவது பூதக்கண்ணாடியோடு செய்யும் தவம், எச்.ஓ. கைக்கு அடங்கும், தோட்ட அளவை கைக்கு இதமானது, ஆனால் வெயிலும் மழையும் அதைப் பிள்ளையாக வளர்க்கச் சொல்லும். நம் சமவெளியின் தட்பவெப்பமும் ஒரு தனிப் பாடம். காலை வெயில் ஏறுமுன், சுத்தமான துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தண்டவாளத்தைத் துடைக்காவிட்டால், லாரிகள் போகும் சாலையின் தூசி மின்சாரத்தை மறித்து எஞ்சின் விக்கி நிற்கும். பித்தளைத் தண்டவாளம் விரைவில் கறுத்துவிடும். நிக்கல் சில்வரே நமக்கு ஏற்றது. குளிர்நாட்டில் நெருக்கமாகப் பூட்டிய தண்டவாளங்கள் சித்திரை வெயிலில் நெளியும். இணைப்புதோறும் நகக்கனம் இடைவெளி விட்டாக வேண்டும். சாதாரண ஒட்டுப்பலகையைக் கரையான் அரித்துவிடும். மெரைன் பிளைவுட்டோ அலுமினியச் சட்டமோ உகந்தது, அச்சட்டத்தைப் பற்றவைக்க நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் பட்டறைகளைவிடத் தேர்ந்த கைகள் எங்கே கிடைக்கும்! உச்சி வேளையில் மின்தடை வந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, பெரியவர் அகத்தி மரங்கள் செய்யும் வேலையில் அமரலாம். வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றுக்கு அவை நூற்றுக்கணக்கில் தேவைப்படும்.

கொடிக்கால் என்றதும் நம் வாதம் முடிவுக்கு வந்துவிடுகிறது. அகலத்தில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான பிழையைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பவர் அறியமாட்டார். ஆங்கிலேயரும் ஜப்பானியரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து காட்டிய சமரசம் அது. ஆகவே நம்மவர் 16.5 மில்லிமீட்டர் பாதையையும் 1:87 விகிதத்தையும் கூச்சமின்றி ஏற்று, சக்கரத்திலும் கொக்கியிலும் பொதுப் பிரமாணத்தை அணுவளவும் மீறாதிருந்து, தம் பிடிவாதத்தையெல்லாம் நிலக்காட்சியில் செலுத்தலாம் என்பது என் துணிபு. ஜேடர்பாளையத்துத் தடுப்பணையிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால், அதன் கரையில் வாழையும் வெற்றிலையும், பாகு காய்ச்சும் வெல்ல ஆலைக் கொட்டகை, மோகனூரில் காவிரியைக் கடக்கும் பாலம் ஆகிய இவற்றைச் செய்து விற்கும் கம்பெனி உலகில் எங்கும் இல்லை. இவற்றில் நாம் வைத்ததே அளவை.

ஒரு மீட்டர் நீளப் பலகையாக, இரு முனைகளிலும் பாதையின் உயரமும் இடமும் மாறாதவாறு இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே அமைத்தால், ஊர்ப் பள்ளியின் மாணவன் ஒருவன் தன் பலகையையும் கொண்டுவந்து பூட்டலாம். முனையின் உயரம், பாதையின் இடம், மின்கம்பிகளின் நிறம், எஞ்சின்களின் எண்கள் இவற்றையெல்லாம் நல்ல தமிழில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பலகையின் அடியிலேயே கட்டிவைப்பது முதியவரின் கடமை. கடல் கடந்து சேர்த்த எஞ்சின்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படாமல் பரணில் கிடக்க நேர்வது பெரும்பாலும் அன்புக் குறைவால் அன்று, அந்த நோட்டுப் புத்தகம் எழுதப்படாமையால்தான். எழுதிவைத்துவிட்டால், அடுத்து வருபவர் யாராயினும், சாவியைத் திருப்பி ஓட்டத் தொடங்கிவிடலாம்.