மரவாடை

தமிழில் விஸ்கி பற்றி எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே நாக்குதான் போல. வெனிலா, கேரமல், ஓக், முடிந்தது. நான் கேமரன் மலைக்காரன். வெனிலா எனக்கு ஐஸ்கிரீமில் மட்டும்தான் தெரியும்.

அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்வதில்லை. போர்பனில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் கருக்கிய புது ஓக்கில்தான் ஊற வேண்டும். காலியான பீப்பாய் பிறகு ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறும். ஸ்காட்ச் குறைந்தது 3 வருடம் இப்படிப்பட்ட பழைய மரத்தில் கிடக்கிறது. அதனால் அடக்கி வாசிக்கிறது. பெங்களூரு அம்ருத் சூட்டில் சீக்கிரமே முதிர்ந்துவிடும். என் ஓட்டு போர்பனுக்கு.

மறுபக்கம் நம் தோட்டக் கதைகள். நான் படித்தவற்றில் குடிகாரன் பெண்டாட்டியை அடிக்க மட்டுமே வீட்டுக்குள் வருவான். பொய்யில்லை. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்திலேயே கள்ளுக்கடையை மூடு என்று கேட்டார்கள். ஆனால் அவன் வாயில் அது எப்படி இருந்தது? ஒரு வரி கிடையாது.

தாத்தா தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர். வாடிய இலையை மோந்தே பதம் சொல்லிவிடுவார். அதே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சம்சுவை ஊற்றிக்கொள்வார். போன தீபாவளிக்கு அவருக்குக் கொஞ்சம் போர்பன் கொடுத்தேன். மோந்தார். "மரவாடைடா. கருகுன மரம்" என்றார். நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

பெருமையாகப் பாட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டிருந்தார்.