கேட்டுக்கொண்டிருக்கும் முகம்

'முள்ளும் மலரும்' படத்தின் கடைசிக் காட்சியை ரஜினிகாந்துக்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஒருமுறை ஷோபாவுக்காகப் பார்க்க வேண்டும். கல்யாணப் பெண்ணாக வள்ளி நடந்து போகிறாள். பக்கத்தில் எஞ்சினியர் குமரன், சுற்றிலும் ஊர் ஜனம். வழியில் ஒரு கையை இழந்த அண்ணன் காளி நிற்கிறான். வள்ளியின் முகம் முதலில் கலங்குகிறது, அப்புறம்தான் கால் நகர்கிறது. மாப்பிள்ளையையும் ஊரையும் விட்டு ஓடிப்போய் அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். வசனத்தை நம்பி அவர் அங்கே நிற்கவேயில்லை. அதன் பிறகு காளி பேசும் பேச்சுக்கு இன்றும் கைதட்டல் விழுகிறதே, அந்தப் பேச்சைப் பிறக்க வைத்தது அந்த ஓட்டம்தான். மகேந்திரனின் இந்த முதல் படம் 1978 ஆகஸ்ட் 15 அன்று வெளியானபோது, ஷோபாவுக்குப் பதினாறு வயது நிறைந்திருக்கவில்லை.

ஆனால் கேமராவுக்கு அவர் புதியவர் அல்ல. 1962 செப்டம்பரில் மகாலட்சுமியாகப் பிறந்த ஷோபா, மலையாளப் படங்களில் நடித்த பிரேமாவின் மகள். சந்திரபாபு இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' (1966) படத்திலேயே குழந்தையாக வந்துவிட்டார். பிறகு மலையாளத்தில் குழந்தை நட்சத்திரம். பாலு மகேந்திராவின் முதல் படமான கன்னடக் 'கோகிலா'வில் ஒரு வேடம். படப்பிடிப்புத் தளத்திலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கேமராவைக் கண்டால் முகத்தில் ஒரு தயார்நிலை வந்துவிடும். ஷோபாவிடம் அது ஒட்டவேயில்லை. எனக்கு இன்றுவரை பெரிய ஆச்சரியம் இதுதான்.

அவருடைய கலையின் நுட்பம், மற்றவர் பேசும்போதும் பாடும்போதும் அவர் இருக்கும் விதத்தில் இருக்கிறது. 'செந்தாழம்பூவில்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜீப்பை ஓட்டிக்கொண்டே பாடுகிறவர் சரத்பாபு, குரல் ஜேசுதாஸுடையது. ஷோபாவுக்கு உதட்டசைவுகூடக் கிடையாது. கேட்டுக்கொண்டே உடன் வருவது ஒன்றுதான் அவர் வேலை. ஆனாலும் அந்தப் பாட்டு யாரைப் பார்த்துப் பிறந்தது என்பதை அவர் முகம்தான் நமக்குச் சொல்கிறது. 'அழியாத கோலங்கள்' படத்தில் வரும் 'பூவண்ணம் போல நெஞ்சம்' பாட்டிலும் இப்படித்தான். பிரதாப் போத்தனோடு நடக்கிறார், நிற்கிறார், சிரிக்கிறார். காதலிக்கிறவள் காதலிப்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள் என்பது அந்த வயதில் அவருக்கு எப்படித் தெரிந்தது?

அந்தப் படத்தில் அவர் இந்துமதி டீச்சர். வயசுக்கு வரும் மூன்று பையன்களுக்கு மனசில் அழியாமல் பதிகிற உருவம். உண்மையில் அந்தப் பையன்களைவிட அவர் சில வயதுதான் மூத்தவர். இருந்தும் ஒரு பருத்திப் புடவை, நிதானமான நடை, பிள்ளைகளைப் பார்க்கும்போது கண்ணில் ஒரு கனிவு, இவ்வளவில் ஒரு டீச்சராகிவிடுகிறார். மிரட்டலும் இல்லை, அசட்டு இனிப்பும் இல்லை.

'அழியாத கோலங்கள்' வந்த அதே 1979இல் துரை இயக்கிய 'பசி'. சென்னைக் குடிசைப்பகுதியில் சாக்குப் பையோடு காகிதம் பொறுக்கும் குப்பம்மா. டீச்சராக நடந்தவர் இவர்தானா என்று கேட்க வைக்கும் உடம்பு: தோளில் சாய்வு, நடையில் ஓர் அவசரம், தலையில் சிக்கு. மெட்ராஸ் பாஷையை நம் சினிமா பெரும்பாலும் சிரிப்புக்கே வைத்திருந்தது. இங்கே அதுவே ஒரு குடும்பத்தின் பேச்சு. டெல்லி கணேஷ் ரிக்‌ஷாக்கார அப்பா. லாரி டிரைவர் ரங்கன் நல்ல சாப்பாடு வாங்கித் தரும்போது குப்பம்மா முகத்தில் தெரிவதைக் காதல் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. வயிறு நிறைகிற சந்தோஷமும், ஒருவன் தன்னைக் கவனிக்கிறான் என்கிற சந்தோஷமும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. படத்தின் தலைப்புக்கு முழு விளக்கம் அந்த முகம்.

அவன் கல்யாணமானவன் என்று தெரிந்த பிறகு, கர்ப்பமான குப்பம்மா அவன் பெயரைச் சொல்ல மறுத்துவிடுகிறாள். அவ்வளவு வாயாடியாக இருந்தவள் வாயை மூடிக்கொள்கிறாள். தியாகி என்கிற மினுக்கு ஒரு துளி இல்லாமல் அதைச் செய்கிறார் ஷோபா. இன்னொருத்தியின் குடும்பம் கெடக்கூடாது, அவ்வளவுதான் என்பதுபோல. சிறந்த நடிகைக்கான தேசிய விருது இந்தப் படத்துக்காக அவருக்குக் கிடைத்தது. மலையாளத்தில் 'எண்டே நீலாகாசம்' படத்துக்காக 1978ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் விருதும் அவருக்குக் கிடைத்தது.

1980 மே 1 அன்று ஷோபா மறைந்தார். வயது பதினேழு. அந்த மரணத்தைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறோம். அவர் நடிப்பைப் பற்றி எழுதியது சொற்பம். இது அவருக்கு நாம் செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன்.

'மூடுபனி' அவர் மறைந்த பிறகு, அந்த ஆண்டு நவம்பரில் வெளியானது. அதில் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டைக் காதில் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் ஏராளம். அடுத்த முறை படத்தோடு பாருங்கள். கிடாரோடு பாடுகிறவன் தன்னைக் கடத்தி வந்தவன் என்று தெரிந்தே கேட்டுக்கொண்டிருக்கும் ரேகாவாக ஷோபாவைப் பாருங்கள்.