நிறமும் குலமும்: லிற்றிலின் நாய்நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

தாயும் கறுப்பு, தகப்பனும் கறுப்பு. குட்டி மட்டும் செவலையானது எவ்வாறு? லுணுகலைப் பகுதித் தோட்ட லயங்களில் நாய் ஈனும்போதெல்லாம் எழும் வினா இது. 'வேற்று நாய் கலந்துவிட்டது' என்பதே வழமையான விடை. அவ்விடையை மறுக்கும் ஆற்றல் வாய்ந்தது, அமெரிக்க அறிஞர் கிளாரன்ஸ் குக் லிற்றில் 1957இல் வெளியிட்ட 'நாய்களின் மயிர்நிறப் பரம்பரை' என்னும் ஆங்கில நூல்.

நாய்மயிரின் நிறப்பொருள்கள் அடிப்படையில் இரண்டே: ஒன்று கருமை தருவது, மற்றையது செம்மஞ்சள் தருவது. இவற்றின் அளவையும் பரவலையும் சில பரம்பரையலகுகள் ஆளுகின்றன. எண்ணற்ற நிறங்களை இச்சில அலகுகளுக்குள் ஒழுங்குபடுத்தியமையே லிற்றிலின் சாதனை எனலாம். கறுப்பு ஆட்சியுடையது, செவலை பின்னிடைவானது. ஆதலின் செவலைக்கான எதிருருவை மறைவாகத் தாங்கிய இரு கறுப்பு நாய்கள் கூடின், சராசரியாக நான்கில் ஒரு குட்டி செவலையாகப் பிறக்கும். அக்குட்டியைச் சான்றாக்கித் தாயைப் பழிப்பதற்கு அறிவியலில் இடமில்லை.

எனினும் நூலின் அட்டவணை முழுவதும் நிலைக்கவில்லை. கறுப்பை ஓரிடத்திலும் புலிவரியை வேறோரிடத்திலும் லிற்றில் வைத்தார். இரண்டும் மூன்றாவதான ஒரே இடத்துக்கு, 16ஆம் நிறமூர்த்தத்துக்கு, உரியவை என்பது 2007இல் நிறுவப்பட்டது. அவ்வலகு நோயெதிர்ப்பில் பங்குகொள்ளும் புரதக் குடும்பமொன்றைச் சேர்ந்தது என்பது வியப்புக்குரியது. மயிரின் நீளம், சுருள், முகத்து மீசை ஆகிய வேறுபாடுகளுட் பெரும்பாலானவற்றை மூன்று அலகுகளே விளக்குகின்றன என்பது 2009இல் தெரியவந்தது. ஈற்றுகளை எண்ணிக் கணித்தல் ஒன்றையே பெரிதும் நம்பவேண்டியிருந்த ஒருவரிடம் இவற்றை எதிர்பார்த்தல் நேர்மையன்று. இது காலத்தின் குறையே.

நூலின் பார்வையிலுள்ள குறை வேறு. அது பெரிதும் பேசுவது பதிவேட்டில் ஏறிய இனங்களையே. லயத்து நாய்க்கு அங்கு இடமில்லை. லிற்றில் அமெரிக்க நல்லினவியல் கழகத்தின் தலைவராகவும் இருந்தவர் என்பது இங்கு நோக்கத்தக்கது. மனிதரைப் பிறப்பால் தரம் பிரிக்க முனைந்த அவ்வியக்கம் 'தூய்மை'யைப் போற்றியது. ஆனால் அவரது சான்றுகளே அதற்கு எதிராக நிற்கின்றன. சில அலகுகளால் மாறும் நிறம், உயிரின் முழுமையைப் பற்றி எவ்வளவு கூறிவிட முடியும்?

தமிழகத்து இராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்வோம். வெண்ணிறத்துக்காகவே அது போற்றப்படுகிறது. 2005இல் இந்திய அஞ்சல்தலையிலும் இடம்பெற்றது. ஆயினும் அவ்வினத்திற் சில குட்டிகள் செவிடாகப் பிறக்கின்றன. நிறமளிக்கும் கலங்கள் உட்செவிக்கும் இன்றியமையாதவை; அவை அங்கு இல்லாதுபோனால் கேள்விப்புலன் கெடும். தூய வெண்மை என நாம் கொண்டாடுவதற்குக் குட்டி கொடுக்கும் விலை இது.

சாதியாலும் நிறத்தாலும் ஆளை அளக்கும் பழக்கம் எம் மலையகச் சமுதாயத்தை விட்டு முற்றாக நீங்கவில்லை. 'நிறத்தைப் பார்த்தாலே பிறப்புத் தெரியும்' என்போர் இன்றும் உளர். அவர்கள் முன் வைப்பதற்கு லிற்றிலின் முற்பகுதி விளக்கங்கள் போதும். பிற்காலத் திருத்தங்களோடு அவை தமிழில் வரவேண்டும். அந்நூலுக்கான எடுத்துக்காட்டுகளை அயல்நாட்டுப் பதிவேடுகளிற் தேடவேண்டியதில்லை. லயத்து வாசலில் ஈன்ற ஓர் ஈற்றே போதுமானது.