சுடர் காணும் கண்

திருச்சிராப்பள்ளியில் பொறியியல் பயிலும் மாணவர்கள், தீயைத் தேடிச் சென்று அணைக்கும் சிறு ரோபோ ஒன்றைப் பொழுதுபோக்காகச் செய்யப் புகும்போது, மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் செலவிடும் ஆலோசனையில் சிறு பங்கைக்கூட, அந்தத் தீயைக் காண வேண்டிய உணரிக்குச் செலவிடுவதில்லை என்பது என் அபிப்பிராயம். நூறு ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கும் ‘ஃபிளேம் சென்சார்’ பலகையைக் கடைக்காரர் எடுத்து நீட்டுகிறார். அத்துடன் தேர்வு முடிந்துவிடுகிறது.

அப்பலகையை இகழ்வது என் நோக்கமன்று. கறுத்த எல்.இ.டி. விளக்கைப் போன்ற அதன் கண், 760 முதல் 1100 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்புக் கிரணங்களை ஏற்பது. மெழுகுவர்த்திச் சுடரில் பழுத்து ஒளிரும் கரித்துகள்களும் அக்கிரணங்களைத் தாராளமாக வீசுவன. ஆதலால், எல்.இ.டி. குழல்விளக்கு மட்டும் எரியும் அறையில், ஐந்து வோல்ட் மின்சாரமே போதுமாக, ஏறக்குறைய அறுபது பாகைக் கோணத்துக்குள் நிற்கும் சுடரை அது செவ்வனே காட்டிக்கொடுக்கிறது. திசையறியும் இந்தக் குணம் அதன் விலையைக் காட்டிலும் பெரிது. எம்.க்யூ-2 புகை உணரியை இதற்கு மாற்றாகக் கொள்வோர், புகை உண்டு என்ற செய்தியை மட்டும் பெற்றுக்கொண்டு, எப்பக்கம் திரும்புவதென்று அறியாமல் நிற்க நேரும்.

குற்றம் தொடங்கும் இடம், பலகையின் மேலுள்ள நீலப்பெட்டியின் சிறு திருகு. எதிரே மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, சிறு விளக்கு மின்னும்வரை அத்திருகைத் திருகிவிட்டு, ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டு சொற்களை மட்டுமே சொல்லும் டிஜிட்டல் காலில் கம்பியை இணைத்துவிடுகிறார்கள். அதே ரோபோவை ஸ்ரீரங்கத்துப் பழைய வீடு ஒன்றின் முற்றத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்: பிற்பகல் வெயில் விழுந்த தரையை நோக்கித் தண்ணீரைப் பீய்ச்சும். சூரியனும் அகச்சிவப்பை வாரி இறைப்பவனே. இழை பல்பும் அவ்வாறே. திருச்சி வெயிலைப் பற்றி இவ்வூராருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குப் பரிகாரம் உண்டு. அது வேறு உணரியை வாங்குவதன்று. அனலாக் காலிலிருந்து எண்ணாகவே அளவைப் பெற்று, ரோபோ சுடரை நோக்கி நகர நகர அவ்வெண் எவ்விதம் மாறுகிறதென்று கவனித்தால், தொலைவு பாதியாகும்போது மெழுகுவர்த்தியின் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகுவதும், நேராக விழும் வெயில் அடி இரண்டு நகர்ந்தாலும் மாறாதிருப்பதும் புலப்படும். கண்ணைச் சுற்றித் தடித்த கறுப்புத் தாளைக் குழாயாகச் சுருட்டி, வெளிப்புறம் அலுமினியத் தாளையும் ஒட்டிவிட்டால் பக்கத்து வெளிச்சம் தடைப்படும். கறுப்பு என்பதற்காக எந்தப் பிளாஸ்டிக்கையும் நம்பலாகாது. உணரியின் கறுப்பு உறையே அகச்சிவப்பைத் தாராளமாக உள்ளே விடுவதன்றோ!

1994-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டு நகரத்து டிரினிட்டிக் கல்லூரியில் தொடங்கிய தீயணைப்பு ரோபோப் போட்டியை ஒட்டி வளர்ந்த மரபில், ஹமாமட்சு நிறுவனத்தின் புறஊதாக் குழாய்க்கு உயர்ந்த மதிப்பு உண்டு. 185 முதல் 260 நானோமீட்டர் வரையே அது பார்க்கிறது. அவ்வளவு குறுகிய சூரியக் கிரணங்களை ஓசோன் படலம் மேலேயே தடுத்துவிடுவதால், நடுப்பகலிலும் அது வெயிலால் ஏமாறுவதில்லை. ஆயின் முந்நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தை வேண்டும் அக்குழாய், விலையும் மிகுந்தது. தனியே வைத்தால் திசையும் சொல்லாது. இவ்வூருக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. மின்வில் பற்றவைப்பு புறஊதாவை மிகுதியாக வீசும். பாரத மிகுமின் நிறுவனமும், அதன் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும், துவாக்குடிப் பக்கத்துப் பட்டறைகளும் நிறைந்த திருச்சியில், திறந்த வாசலுக்கு எதிரே எவரேனும் வெல்டிங் செய்தால் போதும்: விலையுயர்ந்த கண்ணும் தீயென்றே கூவும்.

2004 ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் மூண்ட தீ, மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயிற்று. பற்றியது தலைக்கு மேலிருந்த கீற்றுப் பந்தல். அத்துயரத்தைப் பொம்மை ரோபோவுடன் சேர்த்துப் பேசத் தயங்குகிறேன். எனினும், மெழுகுவர்த்தியின் உயரத்தில் கண்ணைப் பொருத்தித் தரையை ஒட்டியே தேடும் நம் மாணவரின் பழக்கம், தீ எங்கே பிறக்கிறதென்ற கேள்வியைக் கேட்கவே விடுவதில்லை என்பதை எவ்விதம் மறைப்பது?

எனவே, பயில்வோருக்கு ஐந்து கண்கள் வரிசையாக அமைந்த அகச்சிவப்புப் பலகையே தகும். புறஊதாக் குழாயை, பொருள் வசதி உண்டாயின், தீ உண்டா என்று உறுதி செய்யும் இரண்டாம் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். போட்டி நடத்தும் கல்லூரிகளுக்கும் ஒரு விண்ணப்பம்: ஜன்னல் திரைகளை விலக்கிவிடுங்கள், மூலையில் ஓர் இழை பல்பை எரியவிடுங்கள், ஒரு சுற்றிலேனும் மெழுகுவர்த்தியைத் தரையிலிருந்து எடுத்து மேசைமேல் வையுங்கள்.