மேல்மண்ணைப் படிக்காத ஆய்வு

அரியலூர் அருகிலுள்ள ஊரான கல்லங்குறிச்சி, நிலவியலில் ஒரு பாறைப் படிவத்தின் பெயரும்கூட. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலில் சிப்பிகள் செறிந்து உருவான சுண்ணாம்புக்கல் படிவம் அது. நிலவியலாளர் பிளான்ஃபோர்டின் 1862 ஆய்வேடு தொடங்கி, அரியலூர்ப் பாறைகள் அடுக்கடுக்காகப் படிக்கப்பட்டுள்ளன. சிமெண்டுக்காக வெட்டப்படும் அந்தப் பாறைக்கு மேலுள்ள மண்ணைச் சுரங்க அனுமதி நடைமுறை எந்த அளவுக்குப் படிக்கிறது என்பதே இங்கு எடைபோட வேண்டியது.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விண்ணப்பப் படிவம், 15 கி.மீ. சுற்றளவில் சட்டப் பாதுகாப்புள்ள இடங்களையும் அவற்றின் தொலைவையும் கேட்கிறது. இதன் நிறை தெளிவு: எவரும் சரிபார்க்கலாம், தனிமனித விருப்பத்துக்கு இடமில்லை. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டமும், 2010 திருத்தத்துக்குப் பின், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப் பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாகவும் வைத்திருக்கிறது. குறையும் அதே தெளிவில்தான் இருக்கிறது. அறிந்த பொருளுக்கே தொலைவு அளக்க முடியும். பட்டியலில் இல்லாதது மண்ணிலும் இல்லை என்று கொள்வது தருக்கப் பிழை. காற்றையும் நீரையும் களத்தில் அளக்கச் சொல்லும் மதிப்பீடு, தொன்மைக்குப் பட்டியலோடு நின்றுவிடுவது முறையியல் முரண்.

திறந்தவெளிச் சுரங்கத்தில் முதலில் அகற்றப்படுவது மேல்மண். ஈமத்தாழியும் பானையோடும் இரும்புக் கசடும் கிடப்பது பெரும்பாலும் அதில்தான். சுரங்கப் பொறியாளருக்குக் கழிவாகும் அடுக்கே தொல்லியலாளருக்கு மூலபாடம். துளையிட்டு எடுக்கும் பாறை மாதிரி கல்லின் தரத்தைத் துல்லியமாகச் சொல்லும். சில விரல் அகலத் துளை ஒரு குடியிருப்பை அடையாளம் காட்டாது. ஆகவே துளைக்கு முன் நடை வேண்டும்: அறுவடைக்குப் பின் தரை தெளிவாகத் தெரியும் நாளில், சம இடைவெளியில் வரிசையாக நடந்து பதிவது, சோதனைக் குழி இடுவது, நத்தம், மேடு, திடல் என்னும் நிலப்பெயர்களை ஊராரிடம் கேட்பது. கங்கைகொண்டசோழபுரத்தில் சோழர் அரண்மனையின் செங்கல் சுவர்கள் அகழ்வில் வெளிப்பட்ட இடத்துக்கு மாளிகைமேடு என்பதுதான் பெயர்.

மதுரை அரிட்டாபட்டியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது நற்செய்தி. முறையின் வெற்றி அன்று. அங்கே தமிழிக் கல்வெட்டும் குடைவரையும் கண்ணுக்குத் தெரிந்தன, மக்கள் திரண்டனர். பெயரில்லாத ஈமக்காட்டுக்காகத் திரள யார் இருக்கிறார்கள்?

தொல்லியலாளர் பக்கமும் குறை உண்டு. கிடைத்த இடத்தைப் பதிவதில் உள்ள அக்கறை, தேடியும் ஒன்றும் கிடைக்காத நிலத்தைப் பதிவதில் பெரும்பாலும் இல்லை. அந்த வெறுமையும் தரவே. சுரங்கத்துக்கு நேர்மையாக வழிவிடுவதும் அதுவே. சிமெண்டு நமக்கும் வேண்டும். ஓட்டுத் துண்டு கிடந்த ஒவ்வொரு வயலையும் மூடச் சொல்வது ஆய்வு ஆகாது.

ஆய்வு நடந்தால் மட்டும் போதாது, வரிசையும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில் தொன்மையான குகைகளைச் சுரங்கத்துக்காகத் தகர்க்க 2013இல் அனுமதி, 2014இல் தொல்லியல் அகழ்வு. 46,000 ஆண்டு மனித வாழ்வின் தடயம் தெரிந்த பின்னும், 2020 மே மாதம் அந்தக் குகைகள் தகர்க்கப்பட்டன. அனுமதிக்குப் பின் வந்த அறிவு ஆவணமாயிற்று, தீர்ப்பை மாற்றவில்லை.

எனவே முடிவு இது: இன்றைய நடைமுறை பட்டியல் சரிபார்ப்பாகத் தேர்ச்சி பெறுகிறது, கள ஆய்வாகத் தோற்கிறது. முதல் துளைக்கு முன் நடந்த, வெறுமையையும் பதிந்த, அனுமதியை மறுக்கவும் வலுவுள்ள ஆய்வே அப்பெயருக்குத் தகும். கல்லங்குறிச்சியின் பாறைக்குக் காட்டிய கண்டிப்பில் ஒரு பங்கை அதன் மேல்மண்ணுக்கும் காட்டக் கோருவது மிகையான அளவுகோல் ஆகாது.