இன்லண்ட் லெட்டரின் ஓரம்

இன்லண்ட் லெட்டரைப் பிரிக்கவே ஒரு பக்குவம் வேண்டும். அவசரப்பட்டால் மடிப்போடு இரண்டு வரி கிழிந்துவிடும். நகத்தை மெல்ல நுழைத்து, பசை விடுகிற சின்னச் சரசரப்பைக் கேட்டுக்கொண்டே பிரிக்க வேண்டும். உள்ளே நுணுக்கி நுணுக்கி எழுத்து. இடம் தீர்ந்ததும் பேனா ஓரத்தில் நெட்டுக்குத்தாக ஏறும். புதிதாக எழுத வந்தவருக்கு வரும் கடிதத்தில், 'அடுத்த கதை எப்போது?' என்ற கேள்வி பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் கோவில்பட்டியை அடுத்த இடைசெவல்காரர்கள். அழகிரிசாமி ஊரைவிட்டுப் போன பிறகும் இருவர் பேச்சும் தபாலில் தொடர்ந்தது. முப்பது வயது தாண்டிக் கதைக்கு வந்த கி.ரா.வின் எழுத்தில் பேச்சு ஓடுவதற்கு அந்தக் கடிதப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அதனால், தெரிந்த பிள்ளை யாராவது எழுதத் தொடங்கியிருந்தால், நாலு வரி எழுதித் தபாலில் போடுங்கள்.