மண் இல்லாத கோட்டை: பாளையப் போர்களை வாசிப்பது குறித்து

பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் தமிழக அரசு கட்டிவைத்த நினைவுக் கோட்டையில் எல்லாம் இருக்கிறது, மண்ணைத் தவிர. 1799இல் பானர்மன் மோதியதும், 1801இல் மெக்காலேயும் அக்னியூவும் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டு நின்றதும் மண்கோட்டையின் முன்னால். சுற்றிலும் முள்வேலி, உள்ளே களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்து எழுப்பிய சுவர். நினைவுக்கு அது போதவில்லை. 1959இல் பந்துலு எடுத்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் சண்டைக் காட்சிகளுக்கு ஜெய்ப்பூர் வரை போக வேண்டியிருந்தது. ராஜபுத்திர மதில் மாதிரி ஒன்று இல்லாமல் நமக்கு வீரம் பிடிபடுவதில்லை போலிருக்கிறது. மண் எப்போதிலிருந்து வெட்கப்பட வேண்டிய பொருளாயிற்று என்பதுதான் இங்கே என் கேள்வி.

இந்த வெட்கம் வெள்ளைக்காரன் எழுதிய வரலாற்றிலிருந்து மட்டும் வந்ததல்ல. ஆனாலும் அங்கிருந்து தொடங்குவது வசதி. 1955இல் பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராபர்ட்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். 1560க்கும் 1660க்கும் இடையே ஐரோப்பாவில் ஓர் 'இராணுவப் புரட்சி' நடந்தது, கவாத்தும் வரிசைத் துப்பாக்கிச் சூடும் நிரந்தரப் படையும் நவீன அரசையே உண்டாக்கின என்பது அவர் வாதம். 1988இல் ஜெஃப்ரி பார்க்கர் அதை எடுத்து உலகம் முழுக்க விரித்தார். ஐரோப்பா உலகத்தைப் பிடித்ததற்குக் காரணம் துப்பாக்கி, கப்பல், கோட்டை என்று ஆயிற்று. நேர்த்தியான பெருங்கதையாடல். சொல்லச் சொல்லக் கேட்கத் தோன்றும்.

அதில் கோட்டைக்கான பகுதி இப்படிப் போகும். 1494இல் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்லஸ் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு இத்தாலிக்குள் இறங்குகிறான். உயர்ந்து மெலிந்த பழைய கல்மதில்கள் குண்டுபட்டு நொறுங்குகின்றன. கல் உடையும், மண் உடையாது, குண்டை விழுங்கிக்கொள்ளும். 1500இல் பீசா நகரத்தார் மதில் உடைந்த இடத்துக்குப் பின்னால் அவசரமாக மண்கரை எழுப்பி, முன்னால் பள்ளம் தோண்டி, உடைத்துக்கொண்டு வந்தவர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். அங்கிருந்து தாழ்ந்த தடித்த சுவர், கோணக் கொத்தளம், பக்கவாட்டுச் சூடு என்று ஒரு வடிவகணிதமே வளர்ந்தது. அதன் கடைசி மேதை பதினான்காம் லூயியின் பொறியாளன் வோபான். டச்சுக்காரர்கள் செங்கல்லுக்குச் செலவழிக்க முடியாத இடங்களில் வெறும் மண்ணையே குவித்து ஸ்பெயினை எதிர்த்து நின்றார்கள். ஆக, ஐரோப்பிய நவீனக் கோட்டையின் பிறப்பே மண்ணில்தான். இது பார்க்கரே சொல்வது, நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல.

சரி, இப்போது ராயகிரிக்கு வருவோம். ஒரு பக்கம் சிவகிரி, இன்னொரு பக்கம் வாசுதேவநல்லூர், கொஞ்சம் தள்ளி நெற்கட்டும்செவல். மேற்கே மலை. செவல் என்றாலே செம்மண் நிலம்தான். 1767இல் டொனால்டு கேம்ப்பெல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பீரங்கியால் அடிக்கிறான். சுவர் பிளக்கிறது. உள்ளிருந்தவர்கள் குண்டு மழைக்கு நடுவே அந்தப் பிளவைப் பனைமரத்தையும் வைக்கோலையும் போட்டு அடைக்கிறார்கள். அடைத்தவன் விழுந்தால் அடுத்தவன் வந்து நிற்கிறான். கடைசியில் மழையில் கோட்டையை விட்டு வெளியேறி மலைப்பக்கம் போய்விடுகிறார்கள். கேம்ப்பெல் இதை வியந்துதான் எழுதினான். ஆனால் அந்த வியப்பு கோட்பாடாகவில்லை. பீசாக்காரன் உடைப்புக்குப் பின்னால் மண் போட்டால் அது இராணுவ அறிவியலின் தொடக்கம். வாசுதேவநல்லூர்க்காரன் போட்டால் அது பிடிவாதம், அசட்டுத் துணிச்சல், கூடிப்போனால் 'வீரம்'. செய்கை ஒன்று, அது உட்கார வைக்கப்படும் சொல்லாடல் வேறு.

இதைச் சொன்னவுடனே 'வோபானுக்கு முன்னாலேயே நம்மிடம் வோபான் இருந்தான்' என்று யாராவது மேடையேறிவிடுவார்கள். அது வேண்டாம். இங்கே கோணக் கொத்தளம் கிடையாது. இருந்த பீரங்கிகள் கொஞ்சம், வெடிமருந்தும் கொஞ்சம். இருந்தது வேறு விதமான பாதுகாப்பு: முள், மண், மலை, ஆள். 1783இல் ஃபுல்லர்டன் பாஞ்சாலங்குறிச்சியை அடித்துவிட்டுச் சிவகிரிக்கு வந்தபோது பாளையத்தார் கோட்டைக்குள் உட்கார்ந்திருக்கவில்லை, கோம்பைக்குள் போய்விட்டார்கள். கோம்பை என்றால் மலை மடிப்புக்குள் புகுந்து கிடக்கும் பள்ளம், இந்தப் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவருக்கும் தெரிந்த சொல். பாதை இல்லாத காட்டுக்குள் சுடுபட்டுக்கொண்டே மரம் வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது கும்பினிப் பட்டாளம். அங்கே காடே மதில். வடிவகணிதத்துக்கு அங்கே வேலை இல்லை. அதே படையெடுப்பில் பாஞ்சாலங்குறிச்சியில் அவனுக்குக் கிடைத்தது கொழும்பு டச்சுக்காரர்களோடு கட்டபொம்மு நாயக்கர் செய்துகொண்ட உடன்படிக்கை. இரண்டு ஐரோப்பிய வியாபாரக் கம்பெனிகளுக்கு இடையே எதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான் பிறகு நாம் ஒன்றும் அறியாத வெள்ளை உள்ளங்களாக மேடையில் நிறுத்தி வசனம் பேச வைத்தோம்.

கவாத்து விஷயமும் இப்படித்தான். 1746இல் அடையாற்றங்கரையில் சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப் படை நவாபின் மகன் மாபூஸ்கானுடைய ஆயிரக்கணக்கானவர்களை விரட்டியடித்தது. இந்தியாவில் ஐரோப்பியக் கவாத்தின் வெற்றி என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதே மாபூஸ்கான் 1755இல் கர்னல் ஹெரோனோடு சேர்ந்து கிஸ்தி வசூலுக்கு நெல்லைச் சீமைக்கு வருகிறான். கவாத்துத் தெரிந்த சிப்பாய்களும் கூட வருகிறார்கள். நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் பணம் தர முடியாது என்கிறார். சுவரை உடைக்கும் கனத்த பீரங்கி கைவசம் இல்லாத ஹெரோன் திரும்பிப் போகிறான். கொஞ்ச நாளில் மாபூஸ்கானே பூலித்தேவர் பக்கம் சேர்ந்துவிடுகிறான்! அடையாற்றில் ஒரு பகலில் முடிந்த காரியத்துக்கு இங்கே 1755லிருந்து 1801 வரை, நாற்பத்தாறு வருஷம் பிடித்தது. இராணுவப் புரட்சிக் கதை இந்த நாற்பத்தாறு வருஷத்தை என்ன செய்கிறது? தாண்டிப் போய்விடுகிறது.

ஹெரோனின் படையெடுப்பில் இன்னொன்றும் உண்டு. கோவில்குடியில் கள்ளர்களின் சாமி விக்கிரகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்து, 'சாமி, சாமி' என்று கத்திக்கொண்டே பாய்ந்து மீட்டுக்கொண்டு போனார்கள். ராபர்ட் ஓர்ம் இதை எழுதியிருக்கிறார். ஓர்மை எதிரியின் பிரதி என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். அதைப் போற்றிக் கொண்டாடுகிறவர்களும், அதே படையெடுப்பில் நெல்லிக்கோட்டையில் ஆண் பெண் குழந்தை என்று பாராமல் நானூறு பேரைக் கொன்ற பக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கும்பினி கடைசியில் ஜெயித்தது எதனால்? கவாத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஒழுங்குபடுத்தப்பட்ட உடம்பு பற்றி ஃபூக்கோ எழுதியது இங்கே பொருந்தும். 1607இல் ஜேக்கப் டி கெய்ன் வெளியிட்ட கவாத்துப் புத்தகத்தில் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்குவது, மருந்து இடுவது, திரியை ஊதுவது என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு படம். உடம்பைத் துண்டு துண்டாக்கித் திரும்பச் சேர்க்கும் வித்தை. ஆனால் அந்த உடம்பு யாருடையது? கும்பினிச் சிப்பாயில் பெரும்பாலோர் இந்த மண்ணின் ஆட்கள். 1761இல் நெற்கட்டும்செவலையும் வாசுதேவநல்லூரையும் பனையூரையும் பிடித்த கான்சாகிபு ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரன். அவனே பின்னால் எதிர்த்து நின்று, மதுரைக் கோட்டையைப் பலப்படுத்தி, 1763 முற்றுகையைத் தாங்கி, 1764இல் தூக்கில் தொங்கினான். வித்தியாசம் சம்பளத்தில் இருக்கிறது. பாளையத்தில் சேவகத்துக்கு நிலம், காவலுக்குச் சுதந்திரம், அறுப்பு நேரத்தில் ஆள் வயலுக்குப் போவான். கும்பினியில் மாசாமாசம் காசு. அந்தக் காசு எங்கிருந்து வந்தது? இதே சீமையின் கிஸ்தியிலிருந்து. கோட்டையை இடிப்பது வரிவசூலின் ஒரு கட்டம், அவ்வளவுதான். எட்டயபுரம் போன்ற பாளையங்கள் கும்பினியோடு நின்றதையும் இந்தக் கணக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 'துரோகம்' என்ற ஒற்றைச் சொல் அரசியல் பொருளாதாரத்தை மூடிவிடுகிறது.

இனி மண்ணை மிதித்தவர்கள். 1801 பிப்ரவரி 2ஆம் தேதி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்புகிறான். 1799இல் தரைமட்டமாக்கப்பட்ட கோட்டை ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுந்து நிற்கிறது. மெக்காலே வந்து பார்த்துத் திகைக்கிறான். மார்ச் 31ஆம் தேதித் தாக்குதலையும் அந்தச் சுவர் தாங்கியது. மே 24இல்தான் விழுந்தது. ஒரு வாரத்தில் ஒரு கோட்டை என்றால் எத்தனை கை, எத்தனை கால், எத்தனை குடம் தண்ணீர்? யார் மண் வெட்டியது, யார் சுமந்தது? வேலைப் பிரிவினை சாதிப் பிரிவினையாக இருந்த சமூகத்தில் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்ததே. நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல் தொடங்கி நேற்று வந்த பாடநூல் வரை யாரும் இதை மையமாக வைக்கவில்லை.

தலித் அரசியல் எழுந்த பிறகு ஒண்டிவீரனும் வெண்ணிக்காலாடியும் சுந்தரலிங்கமும் எழுத்துக்கு வந்தார்கள். வந்தே ஆக வேண்டியவர்கள். ஒண்டிவீரன் பற்றிய வாய்மொழிக் கதையைப் பாருங்கள்: எதிரி முகாமுக்குள் தனியாகப் புகுந்து ஒளிந்து கிடக்கிறான். குதிரை கட்ட அடித்த முளை கையைத் துளைத்துத் தரையோடு அறைந்துவிடுகிறது. சத்தம் போடாமல் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு, பீரங்கிகளை எதிரி முகாம் பக்கமே திருப்பி வைத்துவிட்டு வருகிறான். டி கெய்னின் படங்களுக்குப் பக்கத்தில் இந்த உடம்பை வைத்துப் பார்க்க வேண்டும். கட்டளைக்கு அசையும் உடம்புக்கு எதிரே, முனகாமல் தன்னையே துண்டித்துக்கொள்ளும் உடம்பு. பிரச்சினை பீரங்கிதான் என்று கதை சொன்னவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. இதை ஆவணம் இல்லை என்று தள்ளுகிறவர்கள், ஆவணம் எழுதும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை முதலில் சொல்லட்டும்.

ஆனால் ஒன்று. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குச் சுந்தரலிங்கத்தின் பெயர் வைத்ததற்கு அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் ஆயிற்று. அரசு கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. இப்போதும் ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாளும் செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்த நாளும் வந்தால் இந்த வட்டாரத்தில் தடை உத்தரவு போடுவது வழக்கமாகிவிட்டது. ஒரே கோட்டைக்குள் நின்றவர்களை நினைக்க இரண்டு நாளைக்கும் போலீஸ் காவல். ஆதிக்க சாதிக்காரர் கோட்டையைத் தன் வீட்டுப் பட்டாவாக நினைக்கிறார். அதை எதிர்ப்பவர்களும் சில நேரம் 'எங்களுக்கும் ஒரு தளபதி' என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள். தளபதி என்ற சட்டகமே சினிமாக் கோட்டையின் சட்டகம். குதிரை, வாள், மீசை. அதற்குள் மண் மிதித்தவளுக்கு இடம் கிடையாது.

பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு நடந்த ஒன்றைக் கும்பினிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியிருக்கிறார். அவருடைய நினைவுக்குறிப்புகள் 1830இல் அச்சாயின. பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடி ஒரு தாய் வருகிறாள். உயிர் போய்க்கொண்டிருக்கும் மகன், என்னை விடு, பக்கத்தில் கிடக்கிற சாமியைக் காப்பாற்று என்கிறான். சாமி என்பது காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரை. பெண்கள் சேர்ந்து அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வீட்டுக்குள் கிடத்துகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள். பெண்கள் வெள்ளைத் துணியால் மூடி, அம்மை போட்டுச் செத்துப்போன பிள்ளை என்று ஒப்பாரி வைக்கிறார்கள். தேடி வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து வாசலோடு திரும்பிப் போகிறார்கள். அந்தப் பெண்களின் பெயர் வெல்ஷிடம் இல்லை.